கால் பணமும் முழத்துண்டும்

அண்மையில் எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பொது அறிவுப் போட்டி வைத்தார்கள். கேள்விகள் தயாரிக்கும் வேலையில் ஒரு பகுதி என் தலையில் விழுந்தது. எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘பணம், வணிகம், அரங்கு’. இந்த மூன்றையும் ஏன் ஒன்றாகக் கட்டினீர்கள் என்று நிலையச் செயலாளரைக் கேட்டேன். “ஒவ்வொண்டுக்கும் தனித்தனியா வைக்கக் கேள்வி காணாது அண்ணை, அதுதான் சேர்த்துப் போட்டனாங்கள்” என்றார் அந்தத் தம்பி. அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

முதல் கேள்வியைச் சட்டைப் பையிலிருந்தே எடுத்தேன். எங்கள் நாட்டு நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் யார் ஆடுகிறார்கள்? 2011இல் மத்திய வங்கி வெளியிட்ட நோட்டு வரிசையின் பின்பக்கங்களில் இலங்கையின் ஆடற்கலைஞர்களும் வாத்தியக்காரர்களும் இருக்கிறார்கள். நூறு ரூபாயில் இருப்பது பரதநாட்டியம் ஆடும் பெண்ணும் மிருதங்கக் கலைஞரும். நாள்தோறும் கையில் புழங்கும் நோட்டுத்தான். ஆனாலும் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பெரியவர்களிலும் பலர் அப்போதுதான் பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். வட்டுக்கோட்டையிலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் ஆடப்படும் கூத்து எந்த நோட்டிலும் இல்லை என்பதை நான் அங்கே சொல்லவில்லை. பிள்ளைகளின் போட்டியில் அதைச் சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து உலகக் கேள்விகள். 1952இல் லண்டனில் தொடங்கி, 2020இல் கொரோனா வந்து நிறுத்தும்வரை இடைவிடாமல் ஓடி, மறு வருடம் திரும்பத் தொடங்கிய நாடகம் எது? அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்ட்ராப்’ என்று ஒரு பெட்டைப்பிள்ளை பட்டென்று சொன்னாள். அந்த நாடகத்தின் உரிமையைக் கிறிஸ்டி தன் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நியூயோர்க்கின் பிராட்வேயில் 1988 முதல் 2023வரை 13,981 தடவை மேடையேறியது எது? ‘பாந்தம் ஒப் தி ஒப்பெரா’. அதற்கும் விடை வந்தது. இணையத்தில் வினாவங்கி பார்த்துப் படித்திருக்கிறார்கள். பாராட்டவேண்டியதுதான்.

பிறகு நான் கேட்டேன்: அரிச்சந்திர மயான காண்டத்தில், மகனின் உடலைச் சுடலைக்குக் கொண்டுவரும் சந்திரமதியிடம் அரிச்சந்திரன் கேட்கும் கூலி என்ன?

மேசையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசைக் கதிரையில் பேரனைக் கூட்டிவந்திருந்த ஒரு அம்மா, எழுந்திராமலே, “கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும்” என்றார். போட்டி விதிப்படி அந்த விடைக்குப் புள்ளி இல்லை. ஆனால் கைதட்டல் கிடைத்தது.

போட்டி முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஒரு பெடியன் என்னிடம் வந்தான். “சேர், அந்த மயான காண்டம் எத்தினை தரம் போட்டவை?” நடிகமணி வி. வி. வைரமுத்து மட்டும் மூவாயிரம் தடவைக்கு மேல் ஆடினார் என்று சொல்வார்கள் என்றேன். “அப்ப அவருக்கு எவ்வளவு காசு கிடைச்சிருக்கும்?”

என்னிடம் விடை இல்லை. அதன் பிறகு பல நாட்களாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அதனால் வந்தது.

வைரமுத்து காங்கேசன்துறையைச் சேர்ந்தவர். 1924இல் பிறந்து 1989இல் மறைந்தார். அவருடைய வசந்தகான சபா, யாழ்ப்பாணத்து இசை நாடக வரலாற்றில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். குடாநாட்டுக் கோயில் வீதிகளில் விடிய விடிய நடந்த நாடகங்களுக்குச் சனம் பாயும் சாக்குமாகப் போய் இடம்பிடித்த காலம் ஒன்று இருந்தது. நானும் சின்ன வயதில் அம்மம்மாவின் மடியில் கிடந்து பார்த்திருக்கிறேன். லோகிதாசன் பாம்பு கடித்துச் சாகும் இடம்வரை விழித்திருப்பேன். சுடலைக் காட்சி வரும்போது நித்திரையாகிவிடுவேன். ஆனால் சனம் காத்திருந்ததே அந்தக் காட்சிக்காகத்தான். அரசனாக இருந்தவன் சொந்த மனைவியிடம் சொந்தப் பிள்ளையை எரிக்கக் காசு கேட்கிறான். கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை. காசைப் பற்றி இதைவிடக் கொடூரமான காட்சி எங்கள் மேடையில் வேறு இல்லை என்று இப்போது நினைக்கிறேன். முறையாக எரிக்கவும் புதைக்கவும் முடியாமல் உறவுகளை விட்டுவந்த எங்களில் பலருக்கு, இனி அந்தக் காட்சியைப் பார்ப்பது முந்தியதுபோல இருக்காது.

சரி, அந்த நாடகங்களுக்கு யார் காசு கொடுத்தார்கள்?

பெரும்பாலும் திருவிழாக்காரர். எங்கள் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு பகுதியாரின் உபயம். எட்டாந் திருவிழாக்காரர் நாலு கூட்டம் மேளம் பிடித்தால், ஒன்பதாந் திருவிழாக்காரர் எட்டுக் கூட்டம் பிடிப்பார். அவர் சிகரம் கட்டினால் இவர் வாணவேடிக்கை விடுவார். அந்தப் போட்டிக்குள்தான் நாடகத்துக்கும் ஒரு இடம் இருந்தது. நாடகக்காரரோடு முன்கூட்டியே பேசி, முற்பணம் கொடுத்து, நாள் பொருத்துவார்கள். பார்க்க வருகிற சனத்துக்கு ரிக்கற் இல்லை.

இது எங்களுக்கு மட்டும் உரிய ஏற்பாடு அல்ல. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸிலும் நாடகம் தெய்வத்தின் திருவிழாவில்தான் நடந்தது. பாடற்குழுவின் செலவை ஒரு பணக்காரக் குடிமகன் ஏற்கவேண்டும். அது ஒருவகை வரி, அதோடு பெருமையும்கூட. உபயகாரர் என்று அவரைச் சொன்னால் பிழையில்லை. பிற்காலத்தில் ஏழைகளும் நாடகம் பார்க்கவேண்டும் என்று நகர அரசு ஒரு நிதி வைத்து, ஆளுக்கு இரண்டு ஒபோல் காசு கொடுத்தது. நாடகம் பார்ப்பதற்கு அரசு காசு கொடுத்த ஊர்! நாங்களோ நாடகத்துக்குக் களியாட்ட வரி வாங்கிய ஊர்.

ரிக்கற் வைத்த நாடகமும் எங்களிடம் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த கம்பனிகள் கொட்டகை போட்டு, வாசலில் காசு வாங்கி நடத்தின. அதனால்தான் ‘கொட்டகைக் கூத்து’ என்ற பெயர் வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்கள் அந்தக் கம்பனிகள் வழியாகத்தான் இங்கே வேர்விட்டன. பிறகு சினிமா வந்தது. அதே வாசல், அதே ரிக்கற். கொட்டகைகள் தியேட்டர்களாகின. வெலிங்டன், வின்சர், மனோகரா, ராஜா, ராணி, றீகல், லிடோ, ஸ்ரீதர் என்று யாழ்ப்பாணத்து முதியவர்களிடம் கேட்டால் விரல்விட்டு எண்ணுவார்கள். இங்கே ‘தியேட்டர்’ என்றால் படம் ஓடும் இடம். நாடகத்துக்கு என்று ஒரு வாசலும் ஒரு காசாளர் யன்னலும் உள்ள கட்டடம் எங்களுக்கு அமையவே இல்லை. பள்ளிக்கூட மண்டபம், கோயில் வீதி, கூட்டுறவாளர் கட்டிய வீரசிங்கம் மண்டபம் என்று நாடகம் எப்போதும் பிறத்தியார் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது.

இன்னொரு கதையும் இதோடு ஒட்டியிருக்கிறது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுணவிலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள், உத்தியோகத்தர்கள், வழக்கறிஞர்கள் ஊதியம் வாங்காமல் நடித்தார்கள். அவரை ஆசானாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் (1889–1982) அதே வழியை இங்கே கொண்டுவந்தார். மேடைக்கு ஒழுங்கும் ஒத்திகையும் நேரக்கட்டுப்பாடும் வந்தது அந்தத் தலைமுறையால். அந்தக் கடனை மறுக்கமுடியாது. ஆனால் கூடவே ஒரு பிரிவும் வந்தது. காசு வாங்காமல் நடித்தவர் கலைஞர். காசு வாங்கி ஆடியவர் கூத்தாடி. காசு வாங்கி ஆடியவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேடையில் அரசனாக நின்றவருக்கு, விடிந்தபிறகு அதே ஊரில் எந்தப் பாத்திரத்தில் தேத்தண்ணி கொடுத்தார்கள் என்று கேட்டால், சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள்.

இந்தப் பிரிவு இன்றைக்கும் சாகவில்லை. மேளக்காரருக்குக் காசு, பந்தல்காரருக்குக் காசு, ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு. நாடகக்காரர் காசு கேட்டால் மட்டும், “என்ன தம்பி, கலைச்சேவைக்கும் காசோ?” என்று கேட்கிறோம்.

யுத்தம் இந்தக் கணக்குகளை எல்லாம் குலைத்தது. சில விடயங்களில் அது நாடகத்தைப் பிழைக்கவைத்தது என்றும் சொல்லவேண்டும். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபோது ஒரு புதிய தலைமுறை பயிற்சிக்கு வந்தது. அ. தாசீசியஸின் ‘பொறுத்தது போதும்’ மீனவருக்கும் சம்மாட்டிக்கும் இடையிலான கணக்கை மேடைக்குக் கொண்டுவந்தது. அதுவும் காசைப் பற்றிய நாடகம்தான். 1985இல் சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’, பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்டு ஊர் ஊராகப் போனது. வாசலில் ரிக்கற் இல்லை. நடித்தவர்கள் மாணவர்கள். மேடை கட்டியவர்கள் அந்தந்த ஊர்ச் சனங்கள். சாப்பாடு அங்கங்கே வீடுகளில். நாடகம் தன்னுடைய ஊரைக் கண்டுபிடித்த காலம் அது. பணம் தேவைப்படவில்லை என்றில்லை. பணத்துக்குப் பதிலாக வேறொன்று கைமாறியது.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் சிரட்டைக் கணக்கில் அளந்து பாவித்தோம். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். சினிமாத் தியேட்டர்கள் இருண்டு கிடந்தன. ஜெனரேற்றர் வைத்து ரீவியில் படம் காட்டிய மினி சினிமாக்கள் சில இருந்தன. அந்தக் காலத்திலும் நாடகம் நின்றுவிடவில்லை. தெருவெளி நாடகத்துக்கு மின்சாரம் தேவையில்லை, பகல் வெளிச்சம் போதும். சண்முகலிங்கம் ‘அன்னை இட்ட தீ’, ‘எந்தையும் தாயும்’ போன்ற நாடகங்களை எழுதியதும் அந்த ஆண்டுகளில்தான்.

‘எந்தையும் தாயும்’ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட, ஊரில் தனித்துப்போன முதிய பெற்றோரின் கதை. யாழ்ப்பாணத்துக்கு ஒரு காலத்தில் ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று பெயர் இருந்தது. மலாயாவிலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் மாதாமாதம் அனுப்பிய காசில் கல்வீடுகள் எழுந்தன. யுத்தம் அந்த மணியோடரை உண்டியலாக மாற்றியது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்த காசு உயிரைக் காத்தது. அதை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் காசு வருகிற வீட்டில் யார் இல்லை என்பதை எந்தப் புள்ளிவிபரமும் காட்டவில்லை. ஒரு நாடகம் காட்டியது. அதற்கு ரிக்கற் விற்றுக் கிடைத்த வருமானம் என்ன என்று கணக்குப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும்.

யுத்தநிறுத்தக் காலத்தில் காசு வேறு வாசலால் வந்தது. தொண்டு நிறுவனங்கள். சுனாமிக்குப் பிறகு இன்னும் கூட. கண்ணிவெடி விழிப்புணர்வு, சிறுவர் உரிமை, உளவளம், குடும்ப வன்முறை என்று திட்டம் ஒன்று வரும், நாடகம் ஒன்று வரும். நான் இதைக் கேலி செய்யவில்லை. மிதிவெடி எப்படி இருக்கும் என்று ஒரு தெருநாடகத்தில் பார்த்த பிள்ளை, மீள்குடியேறிய வளவுக்குள் கால் வைக்காமல் நின்றிருந்தால், அந்த நாடகத்தைவிடப் பெரிய நாடகம் எது? ஆனால் எதைப் பற்றி நாடகம் போடுவது என்பதை நிதி தருபவர் தீர்மானித்தார். காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி, காணி விடாத முகாம்களைப் பற்றிக் கேட்க அந்தத் திட்டங்களில் அநேகமாக இடம் இருக்கவில்லை. திட்டம் முடிந்தால் குழுவும் முடிந்தது.

இப்போது இன்றைய நிலைமைக்கு வருவோம்.

பொது நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளத்தோரம் ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. இந்திய அரசின் நன்கொடையில் கட்டப்பட்டது. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி யாழ்ப்பாணம் வந்தபோது அடிக்கல் வைத்தார். 2022 மார்ச்சில் இணையவழியாக ஒரு திறப்பு. 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கும் விழா. பதினொரு மாடி, அறுநூறு பேர் இருக்கக்கூடிய அரங்கு, நூதனசாலை. கட்டுவதற்குப் பத்து மில்லியன் டொலருக்கு மேல் போயிருக்கிறது. 2025 ஜனவரியில் அதற்குத் ‘திருவள்ளுவர் கலாசார மையம்’ என்று பெயர் சூட்டியபோது, ‘யாழ்ப்பாணம்’ எங்கே போனது என்று இங்கே கொதித்தார்கள். சில நாட்களில் ‘யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையம்’ ஆயிற்று. பெயருக்காகப் பேசியது சரியே. ஊரின் பெயர் ஊரின் கட்டடத்தில் இருக்கவேண்டும்.

அதே ஜனவரியில்தான் குழந்தை ம. சண்முகலிங்கம் தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். அஞ்சலிகள் வந்தன. நானும் எழுதினேன். ஆனால் கட்டடத்தின் பெயருக்காக அந்த மாதம் நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட, அந்தக் கட்டடத்துக்குள் யார் நடிப்பார்கள், என்ன வாடகை கொடுத்து நடிப்பார்கள் என்பதைப் பற்றி நடக்கவில்லை. அதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு பெரிய அரங்கு என்பது கட்டி முடிந்த நாளிலிருந்து காசு தின்னும் பிராணி. குளிரூட்டி, மின்தூக்கி, மின்கட்டணம், காவலாளர், துப்புரவு, ஒலி ஒளித் தொழில்நுட்பவியலாளர். 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தபிறகு மின்கட்டணம் ஏறிய விதம் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் இரண்டு மின்குமிழ் எரிப்பவரே கணக்குப் பார்க்கிறார். அந்தச் செலவை வாடகையால் ஈடுகட்டப் பார்த்தால் உள்ளே நாடகம் வராது. கலியாணமும் கம்பனி விழாவும் தென்னிந்தியப் பாட்டுக் கச்சேரியும்தான் வரும். ஈடுகட்டப் பார்க்காவிட்டால், யாராவது அந்தக் காசைக் கொடுக்கவேண்டும். ஏதென்ஸின் இரண்டு ஒபோல் கேள்வி இதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு நெறியாளர் போன வருடம் ஒரு மண்டபத்தில் நாடகம் ஒன்று போட்டார். பெயர் சொல்லவேண்டாம் என்றார். கணக்குக் கொப்பியை என்னிடம் காட்டினார். மண்டபக் காசு ஒரு பக்கம். ஒலி, ஒளிக்காரருக்குக் கொடுத்தது, நடிகர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதிகம். ஒத்திகைக்கு வந்தவர்களின் பெற்றோல் காசு. உடுப்பு. நோட்டீஸ். கடைசிப் பக்கத்தில் வரவு. அதில் பாதிக்கு மேல் சுவிஸிலிருந்து அவருடைய மச்சான் அனுப்பியது. “ரிக்கற் எவ்வளவு வித்தது?” என்று கேட்டேன். சிரித்தார். “அண்ணை, எல்லாரும் அழைப்பிதழ் கேக்கினம். ரிக்கற் எண்டால் ஒரு மாதிரிப் பாக்கினம்.” முன்வரிசையில் இருந்த முக்கியஸ்தர்களில் ஒருவர்கூட ரிக்கற் வாங்கவில்லை. பொன்னாடை மட்டும் வாங்கினார்கள். அதுவும் செலவுக் கணக்கில் இருக்கிறது.

இந்த ஊரில் காசு இல்லை என்று சொல்லமுடியாது. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சிக்கு வந்த சனத்தை எல்லாரும் பார்த்தோம். கட்டண இருக்கைகளும் இலவசப் பகுதியுமாக ஏற்பாடு செய்திருந்தார்கள். தடுப்புகளை உடைத்துக்கொண்டு சனம் உள்ளே போனதில் நிகழ்ச்சியே இடையில் நின்றது. அந்த நிகழ்ச்சி நடந்ததையே பிழை என்று சொல்பவன் நான் அல்ல. முப்பது வருடம் இருட்டில் இருந்த சனத்துக்கு வெளிச்சமும் பாட்டும் வேண்டும். ஆனால் அதே முற்றவெளியில், 1974 தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூண் நிற்கிறது. ஒரு காலத்தில் தன் சொந்தப் பண்பாட்டு விழாவுக்கு உயிரைக் கொடுத்த ஊர், இப்போது ஐந்நூறு ரூபாய் ரிக்கற் கொடுக்க யோசிக்கிறதே என்று ஒரு நண்பர் கோபத்தில் சொன்னார். அந்த ஒப்பீடு அநியாயமானது என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் சொன்னார்.

தெற்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும். 1956இல் சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். அதன் பாணி சிங்கள நாடகம என்ற வடிவத்திலிருந்து வந்தது. நாடகமவுக்கு மூலம் எங்கள் கரையோரக் கத்தோலிக்கக் கூத்து. ‘மனமே’ அதற்குப் பிறகும் பல தலைமுறைகளாக மேடையேறியது. சனம் ரிக்கற் வாங்கிப் பார்த்தது. 1911இல் திறந்த டவர் மண்டபத்தின் பெயரில் 1978இல் சட்டப்படி ஒரு மன்றம் அமைத்து, பழைய நாடகக் கலைஞர்களுக்கு உதவி செய்தார்கள். அங்கேயும் நாடகக்காரர் செல்வந்தராகவில்லை. ஆனால் நாடகம் ஒரு தொழில் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. எங்கள் இசை நாடகக்காரருக்கு அரசிடமிருந்து கிடைத்தது பெரும்பாலும் விருதும் சான்றிதழும். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கும் காசு வேண்டும்.

அரசு எங்களுக்குச் செய்யவில்லை என்பது உண்மை. 1912ஆம் ஆண்டின் ஒரு கட்டளைச் சட்டத்தின் கீழ், மேடையேற்றவிருக்கும் பிரதியை அனுமதிக்குக் கொழும்புக்கு அனுப்பவைத்த அரசு அது. ஆனால் திருவிழாக்காரர் யார்? நாங்கள். புலம்பெயர்ந்தவர்களின் காசில் கோபுரங்கள் எழும்புகின்றன. நாலு கூட்டம் மேளம் எட்டாகியிருக்கிறது. கோடைத் திருவிழாக் காலத்தில் பதாதைகளைப் பாருங்கள்: தென்னிந்தியப் பாடகர், தென்னிந்திய நகைச்சுவையாளர். ஒரு திருவிழா நாளை, ஒரேயொரு நாளை, உள்ளூர் இசை நாடகத்துக்கோ கூத்துக்கோ ஒதுக்கி, அதற்குப் பொருத்தமான கூலியை முற்பணமாகக் கொடுக்கும் கோயில்கள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை கூடினால், இங்கே சபாக்கள் உயிர்பெறும். இது புதுத் திட்டம் அல்ல, பழைய உபயம்தான்.

மாநகர சபையிடமும் கேட்கலாம். அந்த அறுநூறு கதிரைகளில், மாதத்தில் இரண்டு மாலைகள் உள்ளூர் நாடகக் குழுக்களுக்கு என்று நாட்காட்டியில் எழுதிவைக்கட்டும். வாடகைக்குப் பதிலாக ரிக்கற் வருமானத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளட்டும். சேக்ஸ்பியரின் குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்து நின்று பார்த்தவர்களாலும், இலாபத்தில் பங்குதாரராக இருந்த நடிகர்களாலும்தான் அந்த அரங்கு ஓடியது. சேக்ஸ்பியரும் ஒரு பங்குதாரர். அவர் கவிதை எழுதியதால் அல்ல, பங்கு வைத்திருந்ததால் ஊரில் வீடு வாங்கினார். நடிகருக்குப் பங்கு என்பது எங்களுக்கு விளங்காத கணக்கும் இல்லை. தெப்பத்தில் போகிறவருக்கும் சம்மாட்டிக்கும் பங்கு பிரித்துப் பழகிய கரை இது. அந்தப் பங்கு நியாயமாக நடக்கவில்லை என்றுதானே ‘பொறுத்தது போதும்’ வந்தது.

பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்து ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். பாடசாலைகளிலும் அது ஒரு பாடம். அவர்களுக்கு முன்னால் இருக்கும் ஒரே வேலை ஆசிரியர் நியமனம். அதற்கும் வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஆசிரியரானால் தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்குவார். அந்தப் பிள்ளைகளில் சிலர் அதே பாடத்தைப் படித்து, அதே நியமனத்துக்கு அதே வரிசையில் நிற்பார்கள். அரங்கு இல்லாத அரங்கியல் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும்.

நான் சொன்ன நெறியாளர் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கியிருக்கிறார். பின்னேரங்களில் ஒரு பள்ளிக்கூடத்தின் வெறும் வகுப்பறையில். போன நாடகத்தில் முக்கிய பாத்திரம் செய்த பெடியன் இப்போது ஒரு சுப்பர் மார்க்கெற்றில் இரவு வேலை. இன்னொருவர் வெளிநாடு போய்விட்டார். அங்கிருந்து இந்த நாடகத்துக்குக் காசு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாராம். இந்த முறை அழைப்பிதழ் அடிப்பதில்லை, ரிக்கற் மட்டும்தான் என்று நெறியாளர் முடிவெடுத்திருக்கிறார். “முன்வரிசைக்கும் ரிக்கற்தானோ?” என்று கேட்டேன்.

“முன்வரிசைக்குக் கொஞ்சம் கூட” என்றார். எனக்கு இரண்டு எழுதிவைக்கச் சொல்லிக் காசைக் கொடுத்தேன். கொப்பியின் வரவுப் பக்கத்தில் அதுதான் முதல் வரி.